கீபோர்டு மக்கர் செய்கிறதா? கடைக்கு வந்த கேள்விகளும் என் பதில்களும்

டி.டி.பி. வேலையும் கணினிப் பழுதும் சேர்த்துப் பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களைவிட "கீபோர்டு போச்சு சார்" என்று வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். திறந்து பார்த்தால் பலருடைய கீபோர்டு போயிருக்காது. வேறெங்கோ ஒரு செட்டிங் மாறியிருக்கும். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

கீபோர்டு சுத்தமா வேலை செய்யலை. புதுசு வாங்கிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் ஒரு பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் எழுத்து தெரிவதற்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. பொத்தான் தொடர்பை ஏற்படுத்த வேண்டும். அந்தச் சைகை ஒயர் வழியாகக் கணினிக்குள் போக வேண்டும். இது எந்த எழுத்து என்று விசைப்பலகை அமைப்பு முடிவு செய்ய வேண்டும். கடைசியில் எழுத்துரு அதை வரைய வேண்டும். இதில் எந்தப் படியில் கோளாறு என்று தெரியாமல் பொருளை மாற்றினால் காசுதான் போகும்.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. விண்டோஸில் கண்ட்ரோல், விண்டோஸ் பொத்தான், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். பொத்தான்களே வேலை செய்யாவிட்டால் ஸ்டார்ட் மெனுவில் மவுஸால் தேடித் திறக்கலாம். அதில் மவுஸால் தட்டும்போது எழுத்து சரியாக விழுந்தால் சந்தேகம் உங்கள் பொத்தான்கள் மீது. அதிலும் தப்பாகவே விழுந்தால் செட்டிங்தான் குற்றவாளி. இன்னும் உறுதி வேண்டுமா? கணினியை அணைத்துப் போட்டு, விண்டோஸ் வருவதற்கு முன் வரும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் பொத்தான் அசையவில்லை என்றால் அது மென்பொருள் கோளாறாக இருக்க வாய்ப்பே குறைவு.

வயர்லெஸ் கீபோர்டு என்றால் இதற்கெல்லாம் முன் பேட்டரியை மாற்றுங்கள். வெட்கமாக இருக்கும், ஆனால் பல நேரம் அதுதான்.

ஒரே ஒரு எழுத்து மட்டும் விழ மாட்டேங்குது. இல்லைன்னா விடாம விழுந்துக்கிட்டே இருக்கு.

அந்தப் பொத்தானுக்கு அடியில் ஏதோ இருக்கிறது. மிக்சர் துகள், முடி, எறும்பு, நான் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறேன். கீபோர்டைக் கவிழ்த்து மெல்லத் தட்டுங்கள், மென்மையான பிரஷ்ஷால் தள்ளுங்கள். மேசைக் கணினி கீபோர்டில் மூடியைக் கழற்றித் துடைக்கலாம். லேப்டாப்பில் மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். அடியில் கத்தரிக்கோல் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். அது உடைந்தால் மூடி மறுபடி உட்காராது.

ஒரு எழுத்து இல்லாமல், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து எழுத்துகள் ஒரே நாளில் செத்துப்போனால் அது தூசி இல்லை. பொத்தான்கள் உள்ளே வரிசையும் நெடுக்குமாக ஒரு வலைபோல இணைக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு கோடு அறுந்தால் அந்தக் கோட்டில் இருக்கும் எழுத்துகள் எல்லாம் சேர்ந்து போகும். சாதாரண கீபோர்டு என்றால் மாற்றுவதே லாபம். லேப்டாப்பில் உள்ளே இருக்கும் பட்டை ஒயர் நழுவியிருந்தாலும் இப்படி ஆகலாம், அதனால் கடையில் ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டி.டி.பி. ஆட்கள் இன்னமும் டி.வி.எஸ். கோல்டு கீபோர்டைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி ஸ்விட்ச். கெட்டதை மட்டும் பற்றவைத்து மாற்றிவிடலாம்.

லேப்டாப் மேல டீ கொட்டிடுச்சு. துடைச்சுட்டேன், இப்போ ஓடுது. பயமில்லையே?

பயம் இருக்கிறது. இப்போது ஓடுவது எதையும் நிரூபிக்காது. உடனே அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றுங்கள். மூடியை விரித்து, கூரை மாதிரி கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையரின் சூட்டைக் காட்ட வேண்டாம். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் ஒரு பலனும் இல்லை, அரிசித் தூசிதான் உள்ளே போகும்.

தண்ணீரைவிட டீ மோசம். தண்ணீர் காய்ந்துவிடும். டீயில் இருக்கும் பாலும் சர்க்கரையும் காய்ந்து பிசினாகி, பொத்தான்களை ஒட்டவைப்பதோடு உள்ளே போர்டையும் மெதுவாக அரிக்கும். ஒரு மாதம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் படுத்த இயந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். எனவே திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். வரும்போது கொட்டியது டீ என்று உண்மையைச் சொல்லுங்கள். "தானா நின்னுடுச்சு" என்று சொன்னால் தேட எனக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகும்.

கீபோர்டு நடுவுல மேடு தட்டின மாதிரி இருக்கு. பொத்தானெல்லாம் இறுகிப்போச்சு.

இது கீபோர்டு கோளாறு இல்லை, பேட்டரி உப்பியிருக்கலாம். மவுஸுக்குப் பதிலாக விரல் தேய்க்கும் பகுதியும் மேலே எழும்பியிருக்கும். சார்ஜ் போடுவதை இந்த நிமிடமே நிறுத்துங்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. இந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போடலாம், இதை மட்டும் கூடாது.

எழுத்து அடிச்சா நம்பர் வருது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

நம் லாக் (Num Lock) விழுந்திருக்கிறது. தனி எண் பலகை இல்லாத பழைய சின்ன லேப்டாப்களில் யூ, ஐ, ஓ, ஜே, கே, எல் பக்கமிருக்கும் எழுத்துகளே எண்களாகவும் வேலை செய்யும். குழந்தைகள் தட்டியதில் அது விழித்துக்கொண்டிருக்கும். எஃப்.என். பொத்தானோடு நம் லாக்கை அழுத்தினால் போய்விடும்.

ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் விழுது.

வலது பக்க ஷிப்டை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்று ஒன்று வரும். கை நடுக்கம் இருப்பவர்கள் தெரியாமல் தொட்ட எழுத்துகள் விழாமல் இருப்பதற்காக வைத்த நல்ல வசதி. யோசித்துக்கொண்டே ஷிப்டின் மேல் விரலை வைத்திருப்பவர்களுக்கு அது வில்லன். ஷிப்டை ஐந்து முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸ் அதன் தம்பி. இரண்டையும் செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதியில் அணைக்கலாம். அந்தக் குறுக்குவழியையும் சேர்த்து அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரமும் வருவீர்கள்.

மெயில் ஐடி அடிக்கும்போது @ வர மாட்டேங்குது. மேற்கோள்குறி வருது.

உங்கள் கையில் இருப்பது அமெரிக்க அமைப்புக் கீபோர்டு. நம் ஊரில் விற்பது பெரும்பாலும் அதுதான். கணினியோ பிரிட்டிஷ் அமைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் அமைப்பில் இந்த இரண்டு குறிகளும் இடம் மாறியிருக்கும். மொழி அமைப்பில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தை நீக்கிவிட்டு அமெரிக்க ஆங்கிலத்தையோ இந்திய ஆங்கிலத்தையோ வையுங்கள். முதல் பதிலில் சொன்ன "அமைப்பு முடிவு செய்யும் படி" என்பது இதுதான்.

போன்ல கீபோர்டு மேலே வரவே மாட்டேங்குது. வந்தாலும் உடனே மூடிக்குது.

முதலில் போனை அணைத்துப் போடுங்கள். பிறகு எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். குட்மார்னிங் வீடியோக்கள் நிரம்பி வழியும் போனில் கீபோர்டு திணறுவது சகஜம். அப்புறம் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய், உங்கள் கீபோர்டு செயலியைத் திறந்து, கேஷை, அதாவது தற்காலிகச் சேமிப்பை, மட்டும் அழியுங்கள். ஜிபோர்டோ வேறு எதுவோ, முறை ஒன்றுதான். செயலியைப் புதுப்பித்தும் பாருங்கள்.

அதற்குப் பக்கத்திலேயே டேட்டாவை அழிக்கும் பொத்தான் இருக்கும். அதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை அழுத்தினால் கீபோர்டு இதுவரை உங்களிடம் கற்றுக்கொண்ட சொற்கள் போய்விடும். உங்கள் மாமியார் பெயரை மறுபடி எழுத்துக்கூட்டிக் கற்றுத்தர வேண்டியிருக்கும்.

வங்கி ஆப்ல மட்டும் தமிழ் கீபோர்டு வரலை. போனைப் போட்டவுடனே பூட்டுத் திரையிலயும் வேற கீபோர்டு வருது.

இரண்டும் பழுதில்லை. சில வங்கிச் செயலிகள் பாதுகாப்புக்காகத் தங்கள் சொந்தக் கீபோர்டையே காட்டும். ஐபோனில் கடவுச்சொல் கட்டத்தில் வெளியாரின் கீபோர்டை அனுமதிப்பதே இல்லை. ஆண்ட்ராய்டில் போனை அணைத்துப் போட்டபின் முதல் முறை பூட்டைத் திறக்கும்வரை நீங்கள் நிறுவிய சில கீபோர்டுகள் விழித்திருக்காது. போனோடு வந்ததுதான் வரும். இதனால்தான் கடவுச்சொல்லில் தமிழ் எழுத்து வைக்காதீர்கள் என்கிறேன். ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம்.

நான் தொடவே இல்லை, போன் தானா எழுதிக்குது.

சார்ஜில் இருக்கும்போது மட்டுமா? அப்படியானால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். மலிவான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்பும். எப்போதும் என்றால் மேலே ஒட்டிய கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துணியால் துடைத்துப் பாருங்கள். அதன் பிறகும் ஒரே இடத்தில் தொடர்ந்து எழுதினால் திரைதான் போயிருக்கிறது. கீபோர்டு செயலியை எத்தனை முறை மாற்றினாலும் திருந்தாது. போனைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். கெட்ட இடம் அப்போது வேறு எழுத்தின் மேல் வரும். முதலில் தானாக விழுந்த எழுத்து விடுபட்டு, புது எழுத்து விழ ஆரம்பித்தால் முடிவு தெரிந்துவிட்டது.

ஆங்கில எழுத்துல தட்டித் தமிழ் எழுதுறேன். பல்லின்னு அடிச்சா பாள்ளீன்னு வருது.

கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒலிப்பு முறையில் தமிழ் எழுதும்போது பல மென்பொருள்களில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறு. சின்ன எல் என்றால் ல, பெரிய எல் என்றால் ள. சின்ன என் ன, பெரிய என் ண. சின்ன ஏ அ, பெரிய ஏ ஆ. கேப்ஸ் லாக் போட்டவுடன் குறில் எல்லாம் நெடிலாகி, நாக்கு எல்லாம் மடங்கிவிடும். ஒரு ஆசிரியர் இரண்டு பக்கக் கடிதம் முழுவதையும் இப்படி அடித்துவிட்டு வைரஸ் என்று கொண்டுவந்தார்.

தானாகவே சொல்லை ஊகித்துத் தரும் கீபோர்டுகளில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அவை பள்ளியா பல்லியா என்று தாங்களே முடிவெடுக்கும். எது வசதி என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

தமிழ் 99-ல லலிதான்னு அடிச்சா ல்லிதான்னு வருது. ஏககாலம் ஏக்காலம் ஆகுது.

கீபோர்டு உங்களுக்கு உதவி செய்கிறது, உதவிதான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. தமிழ் 99 என்பது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு. தமிழில் ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவது பெரும்பாலும் புள்ளி வைத்ததாகத்தான் இருக்கும் என்பதைக் கவனித்து, புள்ளியைத் தானே வைக்கும்படி செய்தார்கள். அக்கா, பட்டம், பள்ளம் எல்லாவற்றிலும் ஒரு தட்டு மிச்சம். ந்த, ண்ட, ம்ப போன்ற இன எழுத்து இணைகளுக்கும் அதே சலுகை.

லலிதா, ஏககாலம், மமதை, ததும்பு போன்ற சொற்கள்தான் விதிவிலக்கு. அங்கே இரண்டு எழுத்துக்கும் நடுவில் அ பொத்தானை ஒரு தட்டுத் தட்டுங்கள். ல, அ, ல, இ என்று போனால் லலி சரியாக வரும். சில மென்பொருள்களில் நதிகூட ந்தியாகும், மருந்து அதேதான்.

இதே அமைப்பில் அரைப்புள்ளி அடித்தால் ந வருகிறது, சாய்கோடு அடித்தால் ழ வருகிறது என்றும் சிலர் வருவார்கள். தமிழுக்குப் பொத்தான்கள் போதாமல் அந்த இடங்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குறி வேண்டுமென்றால் ஆங்கிலத்துக்கு மாறிப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் அடித்தால் மொழி மாறும்.

அது சரி, நான் மாத்தாமலேயே மொழி மாறுதே?

இடது ஆல்ட்டும் ஷிப்டும் சேர்ந்து விழுந்தாலும் மொழி மாறும். வேகமாக அடிப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். விசைப்பலகைக் குறுக்குவழிகள் பகுதியில் அதை நீக்கிவிடலாம். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி மொழி வைத்துக்கொள்ளும் ஒரு தேர்வும் விண்டோஸில் உண்டு. அது போட்டிருந்தால் வேர்டில் தமிழ், பிரவுசருக்குத் தாவினால் ஆங்கிலம் என்று மாறிக்கொண்டே இருக்கும்.

கொம்பு போட்டா புள்ளி புள்ளியா ஒரு வட்டம் கூட வருது.

நீங்கள் தட்டச்சு நிலையத்தில் படித்தவர். சரிதானே? தட்டச்சுப் பொறியில் காகிதத்தில் எந்த வரிசையில் தெரிகிறதோ அதே வரிசையில் அடிப்போம். முதலில் கொம்பு, பிறகு க. இப்போது எல்லா மொழிகளுக்கும் பொதுவாக இருக்கும் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் காதில் விழுகிற வரிசை. முதலில் க, பிறகு கொம்பு. வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்துருவின் வேலை. கொம்பை முதலில் அடித்தால் சாய்ந்துகொள்ள எழுத்தில்லாமல் அது ஒரு வட்டத்தின் மேல் ஏறி நிற்கும்.

பழகிய விரலை மாற்ற வேண்டியதில்லை. என்.எச்.எம். ரைட்டர் மாதிரியான மென்பொருள்களில் பழைய தட்டச்சு அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் கொம்பை முதலில் அடிக்கலாம், அதுவே வரிசையைத் திருப்பிச் சேமிக்கும்.

பழைய ஃபைலைத் திறந்தா தமிழே இல்லை. ஆங்கிலக் குப்பையா இருக்கு.

அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்தக் காலத்தில் கணினி உள்ளே ஆங்கில எழுத்தையே சேமிக்கும், மேலே தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். பாமினியில் தமிழ் என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். அந்த எழுத்துருவை நிறுவுங்கள், இல்லையென்றால் யூனிகோடாக மாற்றித்தரும் கருவியில் போட்டு எடுங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. புதிதாக எதையும் பழைய எழுத்துருவில் அடிக்காதீர்கள்.

பாமினிக்காரர்களின் இன்னொரு புகார்: வேர்டில் வரியின் முதல் எழுத்து மட்டும் தானாக மாறுகிறது, மக்கள் முக்கள் ஆகிறார்கள், தமிழ் துமிழ் ஆகிறது. வேர்டு இதை ஆங்கில வாக்கியம் என்று நம்பி முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறது. பாமினியில் சின்ன கே ம, பெரிய கே மு. ஆட்டோ கரெக்ட்டில் அந்த ஒரு டிக்கை எடுத்தால் மக்கள் மக்களாகவே இருப்பார்கள்.

வேர்டுல சரியா இருக்கு, போட்டோஷாப்ல ஒட்டினா கொம்பும் காலும் பிரிஞ்சு கிடக்கு.

கீபோர்டு தன் வேலையை முடித்துவிட்டது, வரைகிற படியில்தான் கோளாறு. போட்டோஷாப்பின் விருப்ப அமைப்பில் டைப் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான வேர்ல்டு ரெடி எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பத்திக்கான அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்று இருக்கும்.

பேக்ஸ்பேஸ் அடிச்சா எழுத்து முழுசா போகலை. கொ-வை அழிச்சா க நிக்குது.

அப்படித்தான் இருக்க வேண்டும். கொ என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு க ஒன்று, ஒகரக் குறி ஒன்று. பேக்ஸ்பேஸ் கடைசியாகச் சேர்ந்ததை மட்டும் உரிக்கும். கர்சரை எழுத்துக்கு முன்னால் வைத்து டெலீட் அடித்தால் பல மென்பொருள்களில் முழு எழுத்தும் போய்விடும். கை தவறிக் கெ என்று அடித்துவிட்டால், கொ என்று திருத்த முழுவதையும் அழிக்காமல் குறியை மட்டும் மாற்ற முடிகிறதே என்று சந்தோஷப்படுங்கள்.

வணக்கம் ஐந்து எழுத்துதானே, படிவம் ஏன் ஏழு என்று எண்ணுகிறது என்ற கேள்விக்கும் இதுவே பதில். இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் கணக்கு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70 தான் என்பதால் வாழ்த்துச் செய்தி சீக்கிரம் இரண்டாக உடைவதும் உண்டு.

கௌதமின்னு பேர் இருக்கு, கண்ணால பாக்குறேன். தேடினா இல்லைங்குது.

ஒருவர் கௌதமி என்று அடித்திருக்கிறார், இன்னொருவர் கெளதமி என்று. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் கெ போட்டுப் பக்கத்தில் ள எழுத்தை நிறுத்தியிருக்கிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு ஆட்கள். வாக்காளர் பட்டியல் மாதிரி பெரிய பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு இது தலைவலி.

இன்னும் சில இரட்டையர்கள் உண்டு. தமிழ் எண் ஒன்று (௧) க போல இருக்கும், எண் எட்டு (௮) அ போல இருக்கும். போன் கீபோர்டில் எண் பக்கத்திலிருந்து தவறி விழுந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்ரீ-யும் இரண்டு விதமாக எழுதப்படுகிறது, ஸ வைத்து ஒன்று, 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்து ஒன்று. சந்தேகம் வந்தால் முன் கேள்வியில் சொன்ன பேக்ஸ்பேஸ்தான் உரைகல். ஒரே தட்டில் கௌ வெறும் க ஆனால் சரியானது, கெ நின்றால் போலி.

தமிழ் கீபோர்டு ஆப் போடும்போது, நீங்க அடிக்கிற கடவுச்சொல்லைக்கூட இது சேகரிக்கலாம்னு எச்சரிக்கை வருது. திருட்டு ஆப்பா?

வெளியாரின் எந்தக் கீபோர்டைச் சேர்த்தாலும் ஆண்ட்ராய்டு அந்த எச்சரிக்கையைக் காட்டும். அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கையில் பொய் இல்லை. நீங்கள் அடிக்கும் எல்லாமே கீபோர்டு வழியாகத்தான் போகிறது. பல வருடமாக இருக்கிற, யார் செய்தது என்று தெரிகிற செயலியைப் போடுங்கள். பளபளப்பான பின்னணிப் படங்களுக்காக மட்டும் போட்ட கீபோர்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது தொடர்புகளையும் இருப்பிடத்தையும் கேட்டிருந்தால் இன்னும் சீக்கிரம்.

எல்லாம் பாத்துட்டேன், சரியாகலை. கடைக்கு எடுத்துட்டு வரட்டுமா?

வாருங்கள். எந்தெந்த எழுத்து போயிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள், வந்த பிறகு யோசிக்க வேண்டாம். முதல் கேள்வியில் சொன்ன திரைக் கீபோர்டு சோதனையில் என்ன ஆனது என்றும் சொல்லுங்கள். முக்கியமான கோப்புகளை முன்பே பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு வேலை செய்யாமல் அதை எப்படி எடுப்பது என்று கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு யு.எஸ்.பி. கீபோர்டைக் கடன் வாங்கிச் செருகினால் போதும். லேப்டாப் என்றால் சார்ஜரையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.